உதட்டுக்கு அளவாய்

கொக்குவில், தொண்ணூற்று மூன்று, ஆவணி.
சுவரெல்லாம் மெத்தை அறைந்த அறை,
சாக்கு மூடிய யன்னல்.
இருமல் உள்ளே வராமலிருக்க
பின்வளவில் குழி வெட்டி
ஜெனரேற்றரை இறக்கியிருந்தார்கள்.

எனக்குத் தந்தது
ஒரு பொன்தலைக்காரியின் வாய்.
மிச்சமெல்லாம் அவளுடையது:
தோள், காது வைரம், முப்பத்திரண்டு வெளிச்சம்.
கசெற் பெட்டியிலிருந்த பெயரை யாரோ வெட்டி
'பெண் 1' என்று பேனையால் எழுதியிருந்தார்கள்.

இரண்டே அசைவில் அவள் முடித்துவிடுவாள்.
என் தமிழ் அப்போதுதான் செருப்புத் தேடும்.
வேறிடத்தில் வசனம் தீர்ந்துபோகும்,
அவள் உதடு ஓடிக்கொண்டேயிருக்கும்.
அந்த இடங்களில் நான் 'ஓம்' போட்டேன்.
ஓம். ஓம்தானே. ஓமோம்.
அமெரிக்காவில் ஒருத்தியும்
அவ்வளவு சம்மதித்திருக்கமாட்டாள்.

கதாநாயகன் பற்றிமாகரன்.
தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவர்,
குருநகரிலிருந்து சைக்கிளில் வருவார்.
திரையில் மார்பு விரித்து ஒருத்தன் நிற்க
அவனுடைய குரல் என் பக்கத்தில்
கொத்தமல்லித் தண்ணி குடிக்கும்.
முத்தங்களை வெட்டிவிட்டுத்தான் தந்தார்கள்.
ஆகவே நாங்கள் கிட்ட வருவோம்,
இன்னும் கிட்ட,
சடாரென்று ஒரு கார் ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு அந்தக் குளியல்.
தொட்டி ததும்ப நுரை.
அந்த மாதம் ஒரு சவர்க்காரத்தை
நூல் போட்டு நாலாய் அறுத்து
முகத்துக்கு மட்டும் என்று வைத்திருந்தோம்.
உடுப்புக்குப் பனங்களி.
கொடியில் போட்டால் மாடு வந்து
சட்டைக் கையைச் சப்பும்.
நான் போட்டிருந்ததும் சப்பின சட்டைதான்.
அவள் உள்ளங்கை நுரையை ஊதினாள்.
எழுதித் தந்த வசனம்:
"எனக்கு எல்லாமே அலுத்துப்போச்சு."
ஆறு தரம் எடுத்தோம்.
ஆறு தரமும் சிரித்துவிட்டேன்.

ஏழாவதில் பொம்மர் வந்தது.

படத்திலும் விமானம் உண்டு, அது வேறு காட்சி.
பற்றிமாகரன் தலையைச் சரித்துக் கேட்டார்.
"இது எங்கட" என்றார்.
வசனத் தாளோடு பங்கருக்குள் குதித்தோம்.
நாடாவை நிறுத்த ஒருவருக்கும் ஞாபகமில்லை.

திரும்பி வந்து போட்டுக் கேட்டோம்:
என் அலுப்பு, பாதி.
கதிரை விழுகிறது.
பிறகு அது.
மெத்தைச் சுவர்கூட அதை மறைக்கவில்லை.

வீணாக்கவுமில்லை.
கடைசிச் சண்டையில் பாலம் உடையும் இடத்தில்
அளவெடுத்துப் பொருத்தினார்கள்.
நல்லாய்ச் சேர்ந்தது என்றார்கள்.
சேரத்தான் செய்தது.
தாவடிப் பக்கம், வாழைத்தோட்டம்,
இரண்டு பேர் என்று
பின்னேரம் தெரியவந்தது.

எனக்கு இரண்டு மெழுகுதிரியும்
அரைப் போத்தல் மண்ணெண்ணெயும் தந்தார்கள்.
பள்ளிக்கூட முற்றத்தில் படம் ஓடியது.
சங்கக்கடை வரிசையில் "சீனி வந்திட்டுதோ" என்று கேட்க
முன்னால் நின்ற பெடியன் திடுக்கிட்டுத் திரும்பி
என் தலைக்கு மேலே
பொன்னிறமாய் எதையோ தேடினான்.

நேற்று கைத்தொலைபேசியில் கண்டேன்.
ஏதோ விருது, சிவப்புக் கம்பளம்.
கழுத்து சுருங்கியிருக்கிறாள், வைரம் சுருங்கவில்லை.
வாய் திறந்தாள்:
தடித்த, புகைபிடித்த, கரகரத்த ஒன்று.
ஐயோ, ஆர் இவளுக்குள் கதைக்கிறது?
முப்பது வருசமாய்
அவள் என்ர குரலில்தான் இருந்தாள்.

பழைய படங்களைப் பற்றிக் கேட்கிறார்கள்.
கீழே எழுத்து ஓடுகிறது, வாசிக்கிறேன்.
அந்தப் பாலமா, வெறும் அட்டை,
ஒரு மேசை உயரமும் இல்லை என்கிறாள்.
வெடித்தபோது ஒருவருக்கும்
நகக்கீறல்கூட இல்லையாம்.
சபை சிரிக்கிறது.

சத்தத்தைக் குறைத்தேன்.
உதடு ஓடிக்கொண்டேயிருந்தது, நீளமாய்.
ஓம் போடவேண்டிய இடம் வந்தது.

போடவில்லை.